வெயிலில் வைத்த நீளக் கொத்தமல்லி

பலாபத்வலயில் எங்கள் வீட்டுக் கோழிக் குழம்புக்குத்தான் பேர். அப்படியிருக்க என் மகனே பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, "செல்வராணி அக்கா கொழம்பு என்னா வாசம்மா! நீளக் கொத்தமல்லி போடுறாங்களாம்," என்றான். எனக்கு வயிறு எரிந்தது.

பேத்தி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை விருந்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அன்றைக்கு என் குழம்புதான் மணக்க வேண்டும் என்று, மனமில்லாமல் செல்வராணியிடம் போய் அந்தக் கொத்தமல்லிக் கன்று கேட்டேன். அவள் வீட்டுப் பலா மரத்தடியில் அது, வாள் பல் விளிம்புள்ள நீண்ட இலையும் கொத்தமல்லி வாசமுமாக, பாய் விரித்த மாதிரிப் படர்ந்திருந்தது. நான்கு கன்று தந்து, "அக்கா, இத எங்க வைக்கணும்னா..." என்று தொடங்கினாள்.

"நாப்பது வருசமா தோட்டம் போடுறேன். நீ சொல்லித் தர வேணாம்," என்று வந்துவிட்டேன்.

அவளுடையதைவிடச் செழிக்கட்டும் என்று முற்றத்தில் நல்ல வெயிலில் நட்டு, மாட்டெரு போட்டேன். விருந்து நெருங்கும்போது தண்டு எழும்பி முள்ளு முள்ளாகப் பூத்தது. இலை தடித்துக் கசந்தது.

விருந்தன்று காலையில் அவள் வாசலில்தான் போய் நின்றேன். கூடை நிறையப் பறித்துத் தந்தாள்.

"நிழல்ல வைங்கன்னு சொல்லத்தானேக்கா வந்தேன். பூத்தண்டு வந்தா கிள்ளிடணும். வெயில் பட்டா கோவிச்சிக்கும், உங்கள மாதிரி," என்று சிரித்தாள்.

இப்போது கொய்யா நிழலில் வளர்க்கிறேன். தண்டு தலைகாட்டியதும் கிள்ளிவிடுகிறேன். போன கிழமை அவள் பாத்தியிலும் ஒரு பூத்தண்டைக் கண்டேன். அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.