குழந்தையின் டப்பில் ஆமை

நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கும் பிராணிக்கு அழுக்கு ஏது என்று நம்பினேன். சிரிப்பதென்றால் இங்கேயே சிரித்துவிடுங்கள். கீழே போனால் வசதிப்படாது.

அருவங்காடு ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் ஒரு சிறு ஆமை வளர்த்தேன். வேலை நேரத்தில் அசையாது என்பதால் 'ஃபோர்மேன்' என்று பெயர். எங்கள் ஊர்க் குளிரில் விறைத்துப்போகும். நானோ வெந்நீரை வீணாக்காதவன். ஏழு மாத மகள் குளித்து முடித்ததும், மிச்சமிருக்கும் இளஞ்சூட்டில் அதே டப்பில் ஃபோர்மேனை விடுவேன். மறுநாள் டப்பை ஒரு அலசு அலசிவிட்டு அதிலேயே மகளுக்குக் குளியல். ஆமை வீட்டுக்கு ஆகாது என்றார் மாமியார். "ஏனுங்க அத்தை, அதுவும் உங்களாட்டம் சாதுங்க" என்றேன்.

முதலில் வயிற்றுப்போக்கு. பல் முளைக்கிறது என்றேன். பிறகு காய்ச்சல். தெர்மாமீட்டர் பழுதென்று என் வாயில் வைத்துப் பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலை குழந்தை கழுத்தைப் பின்னுக்கு வளைத்துக் கண் சொருகினாள். ஒரு காலில் என் ஷூ, மறுகாலில் மனைவி செல்வியின் செருப்பு என்று ஜீப்பில் ஏறினேன். மருத்துவமனையில் என்னைத்தான் முதலில் பிடித்து உட்காரவைத்தார்கள்.

முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதித்தார்கள். மெனிஞ்சைட்டிஸ் (மூளையைச் சுற்றிய சவ்வில் அழற்சி). காரணம் சால்மோனெல்லா (குடலில் வாழும் ஒரு பாக்டீரியா). வீட்டில் ஆமை, ஓணான் ஏதாவது உண்டா என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஆமை இருக்குதுங்க. ஆனா பாப்பா அதைத் தொட்டதே இல்லீங்க."

"அவ தொட வேண்டியதில்லைங்க. நீங்க தொட்டாப் போதும்."

நோயில்லாத ஆமையும் அந்தக் கிருமியைச் சுமக்குமாம், தண்ணீரிலேயே கழித்துவைக்குமாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் ஊர்வன கூடாது என்றார். டப் விஷயத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. செல்விதான் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா சொன்னப்பச் சிரிச்சீங்கல்ல. இப்ப ஏதாச்சும் சொல்லுங்க."



நான்கு வாரம் நரம்பு வழியாக மருந்து. அங்கே கிழமை கிடையாது, ஊசி வேளைதான். ஃபோர்மேனை விற்ற கடைக்காரரே திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்கு ஒரு குறையும் இல்லை. என் கைகளைத்தான் நான் நம்புவதில்லை. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் மகளைத் தூக்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

இதில் ஆமை ராசி எதுவும் வேலை செய்யவில்லை. ஆமை குளித்த டப்பில் என் மகளை நான் குளிப்பாட்டினேன். அவள் பிழைத்தாள். அவளுக்கு இரண்டு காதும் கேட்பதில்லை.