மீன் ஏற்றாத வண்டி

என் பெயர் செங்குட்டுவன். இமயம் வரை படை நடத்திப் போன ராஜாவின் பெயர். நான் ஓட்டியது ஒரு சின்ன லோடு வண்டி; வடக்கே எண்ணூரைத் தாண்டியதில்லை. பெயர் வைத்த அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலை முடிந்ததும் அங்கேயே குழாயடியில் குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டைக்கு மாறித்தான் வியாசர்பாடிக்கு வருவார். எங்கள் வீட்டுச் சுவரில் அம்பேத்கர் கோட்டும் டையுமாக இருப்பார். அந்தப் படத்தைக் காட்டி அப்பா சொல்வார்: "எவன் எதிர்ல போய் நின்னாலும் சோக்கா போய் நில்லுடா. கலீஜா கீறான்னு ஒருத்தன் உன்ன சொல்லக் கூடாது."

அப்பாவின் மற்ற பேச்சையெல்லாம் தட்டினேன், இதை மட்டும் தட்டவில்லை. கணக்கில் முட்டை வாங்கியபோதுகூட மடிப்புக் கலையாத சட்டையில் போய்த்தான் வாங்கினேன். ஒருமுறை கடும் காய்ச்சலோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். போகும் முன் சவரம் செய்து, பவுடர் போட்டு, தலை சீவிக்கொண்டேன். வரிசையில் பின்னால் நின்ற கிழவருக்குத் துணையாக வந்தவன் என்று நினைத்து, டாக்டர் அவருக்கு எத்தனை நாளாக இருமல் என்று என்னிடம் கேட்டார்.

இது குடும்ப வியாதி. நான் பள்ளியில் படிக்கும்போது வெள்ளம் வந்து எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. சேதத்தைக் கணக்கெடுக்க ஆபீசர் வருகிறார் என்று தெரிந்ததும் அம்மா சேற்றை வழித்துக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டார். வந்தவர் வாசலில் நின்று பார்த்தார், "இந்த வூட்டுக்குத் தண்ணியே வரலையே" என்று சொல்லி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா அவருக்கு மோர் வேறு கொடுத்திருந்தார்.

இப்படிப்பட்ட வம்சத்தில் வந்தவன் கையில் ஒரு புது வண்டி கிடைத்தால் என்ன ஆகும்? கல்மண்டபம் ஸ்டாண்டில் என் வண்டி ஒன்றுதான் கண்ணாடி மாதிரி நிற்கும். மற்றவை மீன்பிடி துறைமுகத்துக்கு ஓடுபவை. செதிலும் ஐஸ் தண்ணீருமாக வடியும். பக்கத்தில் நிறுத்தும் இக்னேஷியஸின் வண்டியைப் பார்த்து நான் மூக்கைப் பிடித்துக்கொள்ளாத நாளில்லை. நான் ஏற்றியது சண்முகவேல் அண்ணாச்சியின் மண்டியிலிருந்து பருப்பு மூட்டை. திருவொற்றியூர், எண்ணூர்க் கடைகளில் இறக்கிவிட்டு, சாயங்காலம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் முடித்து நிற்கும் என் மனைவி ரமாபாயை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

வண்டி வாங்கி மூன்றாவது வருஷம், 2006-இல், ரமாபாய்தான் முதலில் கண்டாள். கேபினுக்கும் பின்னால் இருக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள சந்தில் கையை விட்டுப் பார்த்தாள்.

"யோவ், போன மாசம் இதுல சுண்டு வெரலு பூராது. இப்ப ரெண்டு வெரலு பூந்துகினு போவுது. வண்டி இன்னா வளருதா?"

டிங்கர் வேலை செய்யும் துரையிடம் கொண்டுபோனேன். அவன் அடியில் படுத்து, வண்டியின் முதுகெலும்பான சேசிஸில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினான். கைப்பிடி வரை உள்ளே போயிற்று.

"சேசிஸ் இல்ல நைனா இது, அப்பளம்," என்றான். "தண்ணி வெளிய போவ கம்பெனிக்காரன் ஓட்டையே உடல. பேஞ்ச மழயெல்லாம் உள்ளயே நின்னுகினு கீது. லோடோட ஒரு பள்ளத்துல எறங்குன, முன்னால பாதி பின்னால பாதி தனியா போவும்."

முன்னால் பாதியில்தான் ரமாபாய் உட்கார்ந்து வருகிறாள். அன்றிலிருந்து அவளைப் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டேன்.

ஸ்டாண்டில் விசாரித்தால், அதே கம்பெனியில் அதே வருஷம் வாங்கிய அத்தனை வண்டியிலும் அதே இடத்தில் அதே துரு. வெளிநாடுகளில் கார் கம்பெனிகள் தாங்களே தப்பை ஒத்துக்கொண்டு, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுக்கின்றன, அதற்கு ரீகால் என்று பெயர் என்று எவனோ பேப்பரில் படித்திருந்தான். நமக்கும் ரீகால் வேண்டும் என்று முடிவாயிற்று. பேசப் போக ஆள் யார் என்றபோது எல்லோரும் என் சட்டையைப் பார்த்தார்கள். தலைவர் பதவி எனக்கு வந்தது அப்படித்தான். அறிவைப் பார்த்து யாரும் கொடுக்கவில்லை.

கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு இருக்கிற பேஜாரே போதும். ஷோரூம் மேனேஜர் முதலில் சிரித்தார். "மீன் ஏத்துனா உப்புத் தண்ணி இறங்கும், இரும்பு துரு பிடிக்கும். இதுக்குக் கம்பெனி என்ன பண்ணும், கடலைப் போய்க் கேளுங்க" என்றார். நான் போய்க்கொண்டே இருந்தேன். மூன்று மாதம், வாரம் தவறாமல், தேய்த்த சட்டையில். கடைசியில் ஸ்டாண்டு வண்டிகளையெல்லாம் ஷோரூம் வாசலில் வரிசையாக நிறுத்தினோம். வெயிலில் மீன் வாடை ஏ.சி. அறைக்குள் போனதும் மேனேஜர் இறங்கி வந்தார்.

"மீன் ஏத்தாத வண்டி ஒண்ணு காட்டுங்க. தலைமை ஆபீஸ்லேர்ந்து இன்ஜினியர் வந்து பார்ப்பார். அதுலயும் இதே துரு இருந்தா, அந்த வருஷத்து வண்டி எல்லாத்துக்கும் சேசிஸ் மாத்தித் தர்றோம்."

மீன் ஏற்றாத வண்டி எங்கள் ஸ்டாண்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இக்னேஷியஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மாமு, எங்க பொழப்பு மொத்தமும் உன் வண்டி அடியில கீது" என்றான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அங்கேதான் வினை.

நாளைக்கு இன்ஜினியர் வருகிறார் என்று ஷோரூமிலிருந்து போன் வந்தது. நான் நேராகத் துரையிடம் வண்டியை விட்டேன்.

"நாளைக்கு ஆபீசர் பாக்க வராரு. கொஞ்சம் நல்லா பண்ணி வை."

"எஃப்.சி.யா நைனா?"

"அந்த மாதிரிதான்."

லோடு வண்டி வைத்திருப்பவனுக்கு எஃப்.சி. வருஷம் தவறாத சடங்கு. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்ப்பார்கள். அதற்கு முன் ஓட்டையை அடைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக்கொண்டு போவோம். ஆபீசர் என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் கை தானாகப் பெயின்ட் டப்பாவைத் தேடும். மூன்று மாதமாகத் துரு துரு என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான்தான். ஆனாலும் துரையிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "மேல விட அடியிலதான் பாப்பாராம், அடிய நல்லா பண்ணு" என்றேன். அவனும் தலையை ஆட்டினான். அடியில் ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பார்த்த அதே துரைதான்.

காலையில் வண்டியைப் பார்த்தபோது என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. ஓட்டைகளில் தகடு வைத்து வெல்டிங், மேலே பட்டி, அதற்கு மேலே பளபளவென்று கறுப்புப் பெயின்ட். முன்னால் சாமந்தி மாலை நான் போட்டது. ஸ்டாண்டே சுற்றி நின்று பார்த்தது. "சோக்கா கீது மாமு" என்றான் இக்னேஷியஸ். அத்தனை பேரில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை என்பதை என் ஆறுதலுக்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

இன்ஜினியர் ஸ்டாண்டுக்கே வந்தார். கோணியை விரித்து அடியில் படுத்து, டார்ச் அடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க. மத்தவங்க உங்களைப் பார்த்துக் கத்துக்கணும்."

"தேங்க்ஸ் சார்," என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். பூரிப்பாகக்கூட இருந்தது. அப்புறம்தான் இக்னேஷியஸின் முகம் கண்ணில் பட்டது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு அப்போதுதான் வந்து சேர்ந்த ரமாபாய் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யோவ், அவரு இன்னா வண்டிக்கு மார்க் போடவா வந்துகீறாரு?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "சார், உள்ள துரு கீது சார், சொரண்டிக் காட்றேன்" என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. நீங்களே சுரண்டினால் அதை நான் எழுத முடியாது, கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதுவேன் என்றார். மூன்று மாத நடை, ஸ்டாண்டு மொத்தத்தின் பிழைப்பு, எல்லாம் என் ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட்டுக்குள் போய்விட்டது. செத்துவிடலாம் போலிருந்தது.

ரமாபாய்தான் கேட்டாள். "சார், இது லோடு வண்டிதானே? லோடு ஏத்தலாமா?"

"அனுமதிச்ச எடைக்குள்ள தாராளமா ஏத்தலாம்."

அண்ணாச்சியின் மண்டி எதிரில்தான். விஷயத்தைச் சொன்னதும் அவர் "மூட்டைய எடுங்கடே" என்று ஆட்களை ஏவினார். மூட்டை ஒவ்வொன்றாக ஏறியது. இன்ஜினியர் எடையைக் கணக்குப் பார்த்துக்கொண்டே நின்றார். அளவுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தபோது அடியிலிருந்து 'மொறுக்' என்று ஒரு சத்தம். கறுப்புப் பெயின்ட் நீளமாகக் கீறல் விட்டது. பட்டி பெயர்ந்து விழுந்தது. பின்னாலேயே துரு பொலபொலவென்று கொட்டி இன்ஜினியரின் ஷூவை மூடியது. அடுத்த மூட்டைக்கு வண்டி இடுப்பொடிந்து, மாலை போட்ட மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

ஸ்டாண்டே விசில் அடித்தது. என் வண்டி உடைந்ததற்கு நானும் சேர்ந்து அடித்தேன்.

ரீகால் வந்தது. எங்கள் ஸ்டாண்டு வண்டிகள் மட்டுமில்லை, அந்த வருஷம் விற்ற எல்லாவற்றையும் அழைத்துப் புது சேசிஸ் போட்டுக் கொடுத்தார்கள், தண்ணீர் போக ஓட்டையோடு. என் வண்டியை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். வெளியாள் வெல்டிங் வைத்த வண்டிக்குக் கம்பெனி பொறுப்பில்லையாம். அந்த இன்ஜினியரைத் தேடிப் போனேன். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "துருவை நான்தான் பார்த்தேன். ஆனா வெல்டிங்கையும் நான்தானே பார்த்தேன்" என்றார்.

புது சேசிஸ் வண்டிகளை ஒப்படைக்கும்போது ஷோரூமில் ஒரு போட்டோ எடுத்தார்கள். தலைவர் என்பதால் நான் நடுவில் நிற்கிறேன், தேய்த்த சட்டையில். பார்த்தவர்கள் எல்லோரும் இவர்தான் மேனேஜரா என்று கேட்கிறார்கள்.

என் வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. அடுத்த வாரம் இக்னேஷியஸ் எங்கள் வீட்டுக்கு வந்தான். மீன் லோடு காலையோடு முடிந்துவிடும், மதியத்துக்கு மேல் நீ ஓட்டு என்று சாவியை நீட்டினான்.

"ஒரே கண்டிசன் மாமு. அடியில மட்டும் பெயின்ட் அடிக்காத."

ரமாபாய் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஸ்டாண்டுக்குப் போய்க் கேபினில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அழுகை வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே அழுதேன். உள்ளே மீன் வாடை குடலைப் புரட்டியது. நான் மூன்று வருஷம் மூக்கைப் பிடித்த அதே வண்டி.

அழுது முடித்ததும் கண்ணாடியைப் பார்த்தேன். செதில் ஒட்டியிருந்ததால் முகம் தெரியவில்லை. கைக்குட்டையை நனைத்து அதைத் துடைத்தேன். பிறகு தலை சீவிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.