செக்போஸ்ட் வரை ஒரு அண்ணன்

இன்று காலை பழனியில் மகளோடு வாடகைக் காரில் ஏறினேன். நம்பர் பலகை மஞ்சளாக இல்லை, வெள்ளை. டிரைவரின் சொந்த வண்டி, வாடகைக்கு ஓட்ட அனுமதி கிடையாது.

"இன்சூரன்ஸ் இருக்காண்ணே?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"அது கட்டாயம்லங்க, போடாம ஓட்ட முடியுமா?"

கொடைக்கானல் செக்போஸ்ட் நெருங்கியதும் டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "கேட்டா என்னைய கூடப்பொறந்த அண்ணன்னு சொல்லிருங்க. வாடகைன்னு தெரிஞ்சா என் சோலி முடிஞ்சுது."

"அப்ப வண்டி கவுந்தா, வாடகைக்கு வந்த எங்களுக்கு அந்த இன்சூரன்ஸ் செல்லுமா?"

"வெள்ளனே இப்படியா பேசுறது? வாயக் கழுவுங்க தங்கச்சி!"

செக்போஸ்ட்டில் போலீஸ்காரர், "இவர் யாரு?" என்று கேட்டார். மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "அண்ணன்" என்றேன்.

எல்லாருக்கும் இன்சூரன்ஸ் கட்டாயம்தான். மடியில் இருந்த என் மகள் அந்த எல்லாரில் சேர்த்தியா என்றுதான் இன்னும் சந்தேகம்.

நீங்களாக இருந்தால் அங்கே என்ன சொல்லியிருப்பீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள், இங்கே போலீஸ் இல்லை.