கோடு போட்ட பேர்

போன வாரம் தாலுகா ஆபீஸில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். தப்பு ஒன்றும் செய்யவில்லை. பள்ளிக்கூடம் போகவில்லை — அவ்வளவுதான்.

என் மகள் தேவகிக்கு முப்பத்தாறு வயது. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து படித்தே, தபாலில் பி.ஏ. ஹிஸ்டரி முடித்தாள். இப்போது காலேஜில் எம்.ஏ. சேர வேண்டும். மார்க் ஷீட் இருக்கிறது. டி.சி. இருக்கிறது. சாதிச் சான்றிதழ்? வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. கடைசி நாளோ வெள்ளிக்கிழமை.

புதிதாக வாங்க, அவள் அப்பாவான என் பள்ளிச் சான்றிதழைக் கேட்டார்கள். நான் எங்கே போவேன்? இந்தப் பத்தியையே நான் சொல்லச் சொல்ல அவள்தானே எழுதுகிறாள்! பழைய ரெக்கார்டு ஏதாவது இருந்தால் கொண்டு வாங்க பெரியவரே என்றார் கிளார்க்.

அப்போதுதான் பாடு நோட்டு ஞாபகம் வந்தது. பழவேற்காடு ஏரியில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை போடுவது என்று எங்கள் குப்பத்தில் முறை உண்டு. அதுதான் பாடு. எங்கள் சாதியில் கல்யாணம் ஆனவன் பேர்தான் அதில் ஏறும். என் பேர் ஏறிய அன்று அப்பா ஊருக்கே டீ வாங்கிக் கொடுத்தார். இஞ்சி கொஞ்சம் தூக்கல்... சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிறகு நான் கும்மிடிப்பூண்டிக்கு, இரும்புக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டேன். குப்பத்துப் பக்கம் போகவே கூச்சம். நோட்டு இப்போது ஏழுமலையிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஒரே படகில் போனவர்கள் நாங்கள். தேவகியைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

"இன்னா மச்சான், இப்பதான் ஏரி ஞாபகம் வந்துச்சா?" என்றபடியே நோட்டைத் திறந்தான்.

அப்பா பேர். அதன் கீழே என் பேர். அதன் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில், 'கம்பெனிக்குப் போய்விட்டான்.'

தேவகி படித்துக் காட்டியதும் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன்.

ஏழுமலை நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான்தான் அடிச்சேன். பேரு தெரியட்டும்னு லேசாதான் கோடு போட்டேன். நீ திரும்பி வந்துடுவேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா."

நான் திரும்பவே இல்லையே...

"இன்னா நைனா, அடிச்சும் அழியாம கீற," என்று தேவகி சிரித்தாள். ஏழுமலையும் நோட்டைத் துணியில் கட்டிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினான். வி.ஏ.ஓ. பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஊரில் விசாரித்தார். வியாழக்கிழமை சான்றிதழ் வந்தது. மறுநாள் தேவகிக்கு அட்மிஷன்.

ஒரு நாள்கூட பெஞ்சில் உட்காராதவன் நான். என் பேர் — அதுவும் அடித்த பேர் — காலேஜில் போய் சீட் பிடித்திருக்கிறது!