மடியில் வைத்தால் இலவசம்

போன புதன்கிழமை வள்ளியூர் போனேன். மோட்டார் பஸ்ஸில்.

"சண்டைக் காலத்தில் பஸ் ஓடுகிறதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஓடுகிறது. முன்பு தினமும், இப்போது வாரத்துக்கு மூன்று நாள். முன்பு இரண்டு வண்டி, இப்போது ஒன்று. இரண்டாவதும் கூடவேதான் வருகிறது – அதன் டயர், விளக்கு, ஹாரன் எல்லாம் இதில்தான் மாட்டியிருக்கின்றன.

ஐரோப்பாவில் சண்டை போடுகிறவர்களுக்குப் பாளையங்கோட்டை–நாகர்கோவில் பஸ்ஸோடு என்ன பகை? ஒன்றுமில்லை. கப்பல் குறைந்தது. பஞ்சுப் பொதி தூத்துக்குடியில் தேங்கியது. வியாபாரிகள் ஊர் ஊராகப் போவதை நிறுத்தினார்கள். பெட்ரோலோ கிடைப்பதே பெரும்பாடு. முதலாளி என்ன செய்வார்?

எல்லா முதலாளிகளும் செய்வதைத்தான் எங்கள் சங்கரலிங்கம் அண்ணாச்சியும் செய்தார். நாங்குநேரியில் கொடுத்துவந்த இலவச சர்பத் நின்றது. சீட்டிலிருந்த மெத்தை போனது. டிரைவர் பக்கத்து சீட்டுக்குக் கூடுதல் கட்டணம் – காற்று வருமாம்! கடைசியாக ஒரு போர்டு மாட்டினார். 'லக்கேஜுக்குத் தனி சார்ஜ். மடியில் வைத்தால் இலவசம்.'

அதோடு இருந்த கூட்டமும் பாதியானது. ஏனென்று அவருக்குப் புரியவில்லை.

என் மகளை வள்ளியூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். இப்போது ஏழாம் மாதம். பலகாரம் இல்லாமல் போக முடியுமா? என் மனைவி கோமதி ஏழு ஓலைப்பெட்டி கட்டிவிட்டாள். பேசாமல் மாட்டுவண்டி பிடிக்கலாம் என்றேன். அவள் போர்டை ஒரு முறை வாசித்தாள். பஸ்ஸில் ஏறினாள்.

உள்ளே நாலே பேர். என் மடியில் ஒரு பெட்டி வந்தது. பிறகு ஒவ்வொருவரிடமும் போனாள்.

"மகளுக்கு ஏழாம் மாசம். கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க."

எங்கள் பக்கத்தில், மகள் வீட்டுக்குப் போகும் பெட்டியைப் பிடிக்க மாட்டேன் என்று சொல்ல ஒருவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். மிஷன் பள்ளி வாத்தியார் வேதப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். கருப்பட்டி வியாபாரி மேல்துண்டை விரித்து வாங்கிக்கொண்டார். மீதி இரண்டு பேரும் அப்படியே. கடைசி இரண்டு பெட்டிகளைக் கோமதி தன் மடியிலேயே அடுக்கிக்கொண்டாள். கண்டக்டர் எங்களைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். சட்டப்படி குற்றமில்லை.

நாங்குநேரியில் அண்ணாச்சியே ஏறினார். வசூல் குறைகிறதே, கண்டக்டர் கைவரிசையோ என்று பார்க்க. உட்கார்ந்ததுதான் தாமதம் – கோமதி மேல்பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டாள்.

"பதனமாப் பிடிங்க அண்ணாச்சி. முந்திரிக்கொத்து. நொறுங்கிரும்."

பிடித்துக்கொண்டார். தன் வண்டியில், தன் போர்டுக்கு நேர் கீழே.

"பெட்டி பெட்டியா ஏத்துதிய. ஒத்தப் பைசா சார்ஜ் இல்ல," என்றார் பரிதாபமாக. "அடுத்த மாசம் வண்டியைக் குடுத்திர வேண்டியதுதான். காயல்பட்டினத்துல ஒருத்தரு கேக்காரு. ஏன் வே ஒருத்தனும் ஏற மாட்டேங்கான்?"

கருப்பட்டி வியாபாரி பதில் சொன்னார். "யாவாரி வாரது நின்னு போச்சு அண்ணாச்சி. இப்பம் இந்த ரோட்டுல போறது யாரு? மக வீட்டுக்குப் போறவந்தான். பெட்டிக்குத் துட்டு கேக்குத வண்டியில அவன் ஏறுவானா? பெட்டி இல்லாமத்தான் மக வாசல்ல போயி நிப்பானா? நீரே சொல்லும்."

அண்ணாச்சி மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"நிக்க மாட்டான்," என்றார். "என் மூத்தவளும் வள்ளியூர்லதான் இருக்கா. பாத்து ஆறு மாசமாச்சு. இந்த நெலமையில வெறுங்கையோட எப்படி எறங்குதது? அவ வீடு ரோட்டு மேலதான். ஹாரன் கேட்டா வாசலுக்கு வந்து நிப்பா. நான் குனிஞ்சு உக்காந்துக்கிடுவேன்."

அதுவரை மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. எனக்கும் ஒரு மகள்தான்.

வள்ளியூர் வந்தது. எல்லோரும் பெட்டிகளைக் கொடுத்தார்கள். அண்ணாச்சியும் நீட்டினார். கோமதி வாங்கவில்லை.

"எறக்கிராதிய அண்ணாச்சி. அப்படியே மக வீட்டுக்குக் கொண்டு போங்க."

"இது ஒங்க மகளுக்குச் செஞ்சதுல்லா?"

"அவ ஆறு பெட்டியே திங்க மாட்டா."

அவர் கை இடுப்புப் பையைத் தேடியது. கோமதி போர்டைக் காட்டினாள். "மடியில வச்சா இலவசம்னு நீங்கதான எழுதிப் போட்டிய?"

அண்ணாச்சி பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே நடந்தார். "நாகர்கோவிலுக்கு நேரமாகுது அண்ணாச்சி" என்று கண்டக்டர் பின்னாலேயே கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை.

கெட்ட காலம் வந்தால் எதையெல்லாம் நிறுத்தலாம், எதற்கெல்லாம் காசு கேட்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம். இன்னும் ஏறிக்கொண்டிருப்பவன் யார், எங்கே போகிறான்? அதை மட்டும் கேட்பதில்லை.

அடுத்த மாதம் அந்த வண்டி ஓடுமா? எனக்குத் தெரியாது. அன்றைக்கு, முதலாளி மகளைப் பார்த்துவிட்டு வரும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. நாகர்கோவில் பயணிகள் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

பெட்ரோலும் மிச்சம்.