பிளஸ்ஸா மைனஸா, ஆரோக்கியராஜ் சார்?

ஆரோக்கியராஜ் சார் இறந்துவிட்டார். சனிக்கிழமை காலை பல் தேய்க்கப் போன இடத்தில் விழுந்திருக்கிறார்... மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள்.

எங்கள் ஸ்கூலில் லெவன்த்துக்கும் ட்வெல்த்துக்கும் அவர் பிசிக்ஸ், நான் கெமிஸ்ட்ரி. ஸ்டாஃப் ரூமில் ஒரே மேஜை, எதிரெதிர் நாற்காலி.

பழைய மாணவர்கள் என்னை டேக் செய்து "உங்க பெஸ்ட் ஃப்ரெண்ட் மேம்" என்று எழுதுகிறார்கள். அப்படியா என்று தெரியவில்லை. நாங்கள் பேசிக்கொண்டதில் முக்கால்வாசி ஒரு மைனஸ் குறியைப் பற்றித்தான்.

வேறு பாடம் படித்தவர்களுக்காகச் சொல்கிறேன். குக்கரில் நீராவி வெயிட்டைத் தூக்குகிறது. வேலை செய்தது நீராவி, அதனால் அந்த வேலை பிளஸ்... இது பிசிக்ஸ் புத்தகம்.

தூக்கியதில் நீராவியிடமிருந்து கொஞ்சம் ஆற்றல் போய்விட்டது, அதனால் அதே வேலை மைனஸ். இது கெமிஸ்ட்ரி புத்தகம்.

இரண்டும் சரி. சூத்திரமும் சேர்ந்து மாறுவதால் விடை ஒன்றுதான் வரும். ஆனால் அவர் பிளஸ் போட்டுவிட்டுப் போன அதே போர்டில் அடுத்த பீரியட் நான் வந்து மைனஸ் போட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

ஒரு பெண் பரீட்சையில் பிளஸ்ஸையும் மைனஸையும் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதி வைத்தாள். சார் அந்தப் பேப்பரை என் பக்கம் தள்ளினார். "பாருங்க மேடம், இந்தப் பிள்ளை நம்ம ரெண்டு பேருக்கும் சமாதானம் பண்ணி வைக்குது."

அரை மார்க் போட்டார். நானாக இருந்தால் சைபர்.

அவர் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். "எஞ்சின் இழுத்தாத்தான் எங்க வீட்ல சோறு. எஞ்சின் செஞ்ச வேலைக்கு மைனஸ் போட்டா எங்கப்பா கையை ஒடிச்சிருப்பாரு மேடம்" என்பார்.

அது சென்டிமென்ட், சயின்ஸ் இல்லை என்பேன். சிரிப்பார். மறுநாள் மறுபடி பிளஸ்.

எனக்குப் புரியாதது இனிமேல்தான்.

போன வியாழக்கிழமை லெவன்த்துக்கு ஒரு சைக்கிள் பம்ப் கொண்டுபோயிருக்கிறார். பம்ப்பின் வாயை விரலால் அடைத்து அமுக்கச் சொல்லி, அடிப்பக்கம் சூடாவதை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்க்க வைத்திருக்கிறார். நாம் செய்த வேலை உள்ளே இருக்கிற காற்றுக்குப் போய்ச் சேர்ந்தது... அதுதான் அந்தச் சூடு.

இங்கே வேலை செய்தது காற்று இல்லை, நாம். அதனால் அவர் வழக்கப்படி மைனஸ் வர வேண்டும். போர்டில் பிளஸ் போட்டிருக்கிறார். காற்றுக்கு ஆற்றல் கூடியதால் நான் போடுகிற பிளஸ்.

முதல் பெஞ்சு ஹரிணி எழுந்து "சார், மாத்திப் போட்டுட்டீங்க" என்றிருக்கிறாள். கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டாராம்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் இதை என்னிடம் வந்து சொன்னார்கள், சார் உங்க கட்சிக்கு வந்துட்டாரு மேம் என்று. அவர் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தேன்.

பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். கடலை மிட்டாய் கொடுத்தார். சாயங்காலம் "வரேன் மேடம்" என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான்.

விட்டுக்கொடுத்தாரா? பம்ப்புக்கு இதுதான் எளிது என்று நினைத்தாரா? இல்லை... அன்றைக்கே தலைக்குள் ஏதோ ஆரம்பித்து, எதை எங்கே போடுகிறோம் என்று அவருக்கே தெரியாமல் போயிருந்ததா?

சொந்தத்தில் ஒரு டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். இதைச் சொல்ல எம்பிபிஎஸ் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகரில் அவர் வீட்டுக்குப் போனேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் மாறிப் போகிற வழியெல்லாம், அவர் மனைவியிடம் இதை எப்படிக் கேட்பது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன்.

சார் பெட்டிக்குள், கோட் சூட்டில், யாரோ போல.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான மைனஸ் மேடம்?"

அமைத்து வைத்திருந்த வாக்கியம் போய்விட்டது. வியாழக்கிழமை நன்றாக இருந்தாரா என்று மட்டும் கேட்டேன்.

"நல்லாத்தாங்க இருந்தாரு. காலைல பம்பு எங்க, பம்பு எங்கன்னு வீட்டையே கலைச்சுட்டாரு. கண்ணு முன்னாடி ஆணில தொங்குது, தெரியலங்கறாரு. எப்பவுமே அப்படித்தான் அந்த மனுஷன்... ஏங்க கேக்குறீங்க?"

சும்மா என்றேன். பின்னால் வரிசை நின்றது, நகர்ந்துவிட்டேன்.

இன்று பிரேயரில் மௌன அஞ்சலி. பிறகு வகுப்பு. லெவன்த்தில் அவர் பீரியடுக்கு ஹெச்.எம். என்னை அனுப்பினார்.

ஹரிணிதான் எழுந்தாள். "மேம், பிசிக்ஸ் எக்ஸாம்ல எந்த சைன் போடணும்?"

"சார் சொன்ன மாதிரியே போடும்மா."

"எப்ப சொன்ன மாதிரி மேம்?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சாக்பீஸை எடுத்து, வாயு செய்கிற வேலை பிளஸ், வாயுவின் மேல் செய்கிற வேலை மைனஸ் என்று எழுதினேன். பிசிக்ஸ் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை சார்...

போயிட்டு வாங்க.