குகை வாசலில் ஒரு செம்புத் தகடு

இன்று மத்தியானம் மூன்று பேரை ஒரு குகைக்குள் அனுப்ப நான் படாத பாடு பட்டேன்!

(நிஜக் குகை இல்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான்.)

என் மருமகள் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். நெட்டில் பார்த்து ஒரு விளையாட்டைப் பிடித்து வந்தாள். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம். "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்லிப் பகடையை உருட்டினால், அது நடந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஞாயிறுதோறும் அவள்தான் கதை சொல்வாள். இந்த வாரம் காலண்டர் ஆர்டர், ஞாயிறும் பிரஸ்ஸில் வேலை.

"மாமா, குகைக்குள்ள என்ன இருக்குன்னு எழுதி வச்சிருக்கேன். நீங்களே வாசிங்க" என்று ஒரு பக்கத்தைக் கொடுத்துவிட்டாள்.

நான்! மாலை வகுப்பில் சேர்ந்து போன வருஷம்தான் எழுத்துக் கூட்டியவன்!

வாரம் முழுக்கப் பழகினேன். ('கர்ஜித்தது' மட்டுமே ஒரு நாளைத் தின்றது.) பிறர் முன்னால் வாசிப்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

ஆனால் நான் வாசிக்க, அவர்கள் குகைக்குள் நுழைய வேண்டுமே!

வீரன் மாரியப்பன், நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். மந்திரவாதி பேச்சியம்மாள், அதே கம்பெனியில் திரி வேலை. திருடன் காதர் பாய், பஜாரில் ஜவுளிக் கடை.

"குகை இருட்டாக இருக்கிறது. உங்கள் கையில் தீப்பந்தம்" என்றேன்.

"மொதல்ல அதை அணைங்க அண்ணாச்சி!" என்று பதறினார் மாரியப்பன். "உள்ள என்ன சரக்கு கெடக்கோ!"

"செல்போன வெளியில வச்சாச்சா?" என்றாள் பேச்சியம்மாள். (மந்திரவாதியிடம் செல்போன்!)

"நான் மட்டும் எட்டிப் பாத்துட்டு வாரேன்" என்றார் காதர் பாய்.

"பாய், ஒம்ம சட்டை என்ன துணி?" என்று மறித்தார் மாரியப்பன்.

"பாலியஸ்டர்."

"ஒரசுனா பொறி பறக்கும். கழட்டும்!"

திருடன் சட்டையைக் கழற்றினான். (கதையில்தான்.)

டீ வந்தது, போனது. மூவரும் குகை வாசலிலேயே நின்றார்கள்.

"பின்னால் புலி வருகிறது!" என்று பயமுறுத்திப் பார்த்தேன்.

"புலி கடிச்சா ஒருத்தன் போவான். மருந்து பத்திக்கிட்டா அம்புட்டுப் பேரும்ல போவோம்!" என்றார் மாரியப்பன்.

காதர் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். "அஸர் தொழுகைக்கு நேரமாகப் போகுது அண்ணாச்சி. அடுத்த வாரம் பாப்பமா?"

அடுத்த வாரம் மருமகள் வந்துவிடுவாளே! நான் பழகி வைத்த பக்கம் என்னாவது?

அப்போதுதான் பொறி தட்டியது. (மன்னிக்கவும், எங்கள் ஊரில் இதைச் சொல்லக் கூடாது.) நானும் அந்தக் கம்பெனியில் லோடு ஏற்றியவன்தானே?

"குகை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கிறது" என்றேன்.

பட்டாசு ரூமுக்குள் போகுமுன் அப்படி ஒரு தகட்டைத் தொடுவோம். உடம்பில் இருக்கிற கரண்ட் தரைக்கு இறங்கிவிடும்.

மாரியப்பன் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க! எதுத்தாப்புல இன்னொரு வாசல் இருக்கா?"

"இருக்குலே."

"கதவு வெளிப்பக்கமா தொறக்குமா?"

"தொறக்கும்லே, உள்ள போ!"

மூவரும் மேசை விளிம்பைத் தொட்டுவிட்டு (செம்புத் தகடாம்!) நுழைந்தார்கள்.

பக்கத்தை விரித்தேன். முதல் எழுத்தில் விரலை வைத்தேன்.

"குகையின் நடுவே ஒரு பறக்கும் பாம்பு. அது கண் விழித்தது. கர்ஜித்தது."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்!

"வாயைத் திறந்து நெருப்பைக் கக்கியது."

"ஓடுங்க!"

பகடையைக்கூட உருட்டவில்லை. எதிர் வாசல் வழியாக மூவரும் வெளியே! பேச்சியம்மாள் நிஜமாகவே எழுந்து தெருக்கதவு வரை போய்விட்டாள்.

இன்னும் பாதிப் பக்கம் மிச்சம். தாளை மடித்தேன்.

"ஏன் அண்ணே நிறுத்திட்டீக?" என்றாள் பேச்சியம்மாள், கதவருகிலிருந்தே. "நாங்க இங்கன வெளியில நின்னு கேக்கோம். நீங்க வாசிங்க. நல்லாத்தான வாசிக்கீக!"

"தொழுகைக்கு இன்னும் நேரம் கெடக்கு" என்றார் காதர் பாய்.

பாம்புக்கு அடியில் புதையல் இருக்கும் கடைசி வரி வரை வாசித்தேன்!

அந்தப் புதையல் மட்டும் உள்ளேயே கிடக்கிறது. இவர்களை மறுபடி எப்படி உள்ளே அனுப்புவது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சின்னச் சின்னச் சொல்லாக எழுதுங்கள். நானேதான் வாசிப்பேன்!